வன உயிரினச் சரணாலயங்களில் வருகையாளர் செயல்பாடுகள்: ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் மலையடிவாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் கிழக்கு மலையடிவாரத்துக்கு வரும் மக்கள் நீராடுகின்றனர், வழிபடுகின்றனர், மலையேறுகின்றனர், பறவைகளையும் விலங்குகளையும் காண்கின்றனர். இச்செயல்பாடுகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் பெரும்பாலும் நிலப்பரப்பையும் ஆள் எண்ணிக்கையையும் அளவுகோலாகக் கொண்டுள்ளன. மழைமறைவுப் பகுதியான இச்சரிவில் வன உயிரினங்களும் வருகையாளரும் ஒருசேர நாடுவது குறுகிய ஓடைக்கரையையே ஆகும். எனவே பரப்பளவு என்னும் அளவுகோல் இங்குப் போதாது என்பதும், ஒவ்வொரு செயலையும் அது நிகழும் இடம், பொழுது, விளைவு ஆகியவற்றைக் கொண்டு தனித்தனியே மதிப்பிடும் ஒத்திசைவு அளவுகோலே பொருத்தமானது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: வன உயிரினச் சரணாலயம், சாம்பல் நிற அணில், ஓடைக்கரைக் காடு, ஒத்திசைவு, புனலாட்டு, பெரும்பொழுது, சிறுபொழுது, பளியர்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் இராஜபாளையம் வட்டத்தில் அமைந்துள்ள செட்டியார்பட்டி ஒரு சிறிய பேரூராட்சியாகும். அதன் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கின்றது. செட்டியார்பட்டி, சேத்தூர், தளவாய்புரம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களின் மக்கள் இம்மலையைத் தொலைவிலுள்ள சுற்றுலாத் தலமாகக் கருதுவதில்லை. அவர்களுக்கு அது விடுமுறை நாளில் குடும்பத்துடன் குளிக்கச் செல்லும் ஓடை. குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் இடம். அமாவாசை நாளில் ஏறும் திருமலை.

இதே மலை சட்டத்தின் பார்வையில் வேறொரு பெயரைப் பெற்றுள்ளது. 1988இல் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சாம்பல் நிற அணில்களுக்கான வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் வடக்கே உள்ள மேகமலை வன உயிரினச் சரணாலயமும் இணைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் உருவாயிற்று. அதன் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ 642 சதுர கிலோமீட்டர் உள்மண்டலம், ஏனையது வெளிமண்டலம்.

ஒரே நிலம் ஊராருக்கு ஓடையாகவும் சட்டத்துக்குக் காப்பகமாகவும் இருக்கும்போது, அங்கு வருபவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்வது என்னும் வினா எழுகின்றது. வாயிலை முற்றிலும் அடைத்தால், மலையோடு தலைமுறை தலைமுறையாக உறவுகொண்ட மக்கள் அதற்கு அயலாராவர். கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டால், காப்பதற்காகவே அறிவிக்கப்பட்ட உயிரினம் தன் இடத்தை இழக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை நிலவியல்பு, சட்டம், தமிழ் மரபு ஆகிய மூன்றன் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கின்றது.

நிலத்தின் இயல்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடரின் மேற்குப் புறம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு இணைந்தது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் மிகுதியாகப் பெய்து, கிழக்கே இறங்கும்போது வலுவிழக்கின்றது. எனவே கிழக்கு அடிவாரம் மழைமறைவுப் பகுதியாக உள்ளது. இங்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பதாகும். உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும், இடைச்சரிவில் பசுமைமாறாக் காடும் இலையுதிர்க் காடும், அடியில் முட்புதர்க் காடும் என உயரத்துக்கேற்பக் காட்டின் தன்மை மாறுகின்றது. வரையாடு, கருமந்தி, சோலைமந்தி, காட்டுமாடு, யானை, புலி, சிறுத்தை முதலியன இம்மலையில் வாழ்கின்றன.

வறண்ட அடிவாரத்தில் ஆண்டு முழுவதும் பசுமை தங்கும் இடம் ஓடைக்கரை ஒன்றே. செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தேவதானம் சாஸ்தா கோயில், தாணிப்பாறை ஆகிய இடங்களில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் இருமருங்கும் உயர்ந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஒட்டி மாந்தோப்புகளும் புளிய மரங்களும் உள்ளன. இக்குறுகிய பசுமைப் பட்டையே சாம்பல் நிற அணிலின் வாழிடமாகும்.

உலகில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே காணப்படும் இவ்வணில், இந்தியாவின் பேரணில் இனங்களுள் சிறியது. பகலில் இயங்குவது, காலையிலும் பிற்பகலிலும் இரைதேடி நண்பகலில் ஓய்வது. தரையில் இறங்குவது அரிது. அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடத்தில் கூடு கட்டுவது இதன் வழக்கம். ஆபத்து நேருங்கால் எத்திசையிலும் தாவித் தப்ப அது உதவுகின்றது. ஆகவே தொடர்ச்சி அறாத மரக்கவிகை இவ்வணிலுக்கு உணவைப் போலவே இன்றியமையாதது. ஒரு மரம் வெட்டப்பட்டாலோ ஒரு கிளை முறிக்கப்பட்டாலோ அறுபடுவது ஒரு பாதையாகும். ஜோசுவா, ஜான்சிங் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, மனித இடையூறுகள் இவ்வணிலின் வாழிடத்தையும் எண்ணிக்கையையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதையே பொருளாகக் கொண்டது.

வருகையாளர் நாடுவதும் இதே ஓடைக்கரையைத்தான். நிழல், நீர், கோயில், சமைக்கச் சமதளம் ஆகிய அனைத்தும் அங்குதான் உள்ளன. ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்பகத்தில் மனிதரும் அணிலும் சில மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்குள் சந்திக்கின்றனர். கோடைவிடுமுறையில் ஓடைகள் சுருங்கிக் குட்டைகளாகும்போது இச்சந்திப்பு மேலும் நெருக்கமாகின்றது. பள்ளிகள் மூடப்பட்டு மக்கள் மிகுதியாக வரும் காலமும், விலங்குகளுக்கு அக்குட்டைகளை விட்டால் வேறு நீரில்லாத காலமும் ஒன்றாக அமைகின்றன.

வருகையாளர் வகைகள்

இம்மலையடிவாரத்துக்கு வருவோரை நால்வகையினராகப் பகுக்கலாம்.

முதல் வகையினர் வழிபாட்டாளர். சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குத் தாணிப்பாறை வழியாக அமாவாசை, பௌர்ணமி நாள்களில் பெருந்திரளாக மக்கள் ஏறுகின்றனர். ஆடி அமாவாசையில் இத்திரள் உச்சத்தை அடைகின்றது. செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயிலும் ராக்காச்சி அம்மன் கோயிலும், இராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார் கோயிலும் அடிவார மக்களின் வழிபாட்டிடங்களாகும்.

இரண்டாம் வகையினர் நீராடுவோர். அய்யனார் கோயில் ஓடையிலும், செண்பகத்தோப்பை அடுத்த மீன்வெட்டிப்பாறையிலும், சாஸ்தா கோயில் ஓடையிலும் நீர்வரத்துள்ள காலங்களில் குளிக்க வருவோர் பெரும்பாலும் அருகிலுள்ள ஊர்களின் உழைக்கும் மக்கள். கட்டணம் செலுத்திக் கேளிக்கை இடங்களுக்குச் செல்ல இயலாத குடும்பங்களுக்கு இவ்வோடைகளே ஓய்விடமாகும்.

மூன்றாம் வகையினர் மலையேற்ற ஆர்வலர். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 வழிகள் இடம்பெற்றன. செண்பகத்தோப்பு – புதுப்பட்டி வழி அவற்றுள் ஒன்று. இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, வழிகாட்டியுடன் செல்லும் இவ்வகையினர் எண்ணிக்கையில் சிறியோர்.

நான்காம் வகையினர் இயற்கையைக் கற்போர்: பறவை நோக்குவோர், ஒளிப்படக் கலைஞர், மாணவர், ஆய்வாளர். மேற்கூறிய 1994ஆம் ஆண்டு ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவரான ஏ.ஜே.டி. ஜான்சிங், இந்திய வன உயிரின ஆய்வில் தனியிடம் பெறுவதற்கு முன் சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். இம்மலைக்கு அண்மையிலுள்ள கல்லூரிகளின் ஆசிரியர்க்கு இது நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

இந்நான்கு வகையினரும் ஒரே மனிதராகவும் இருக்கலாம். பொங்கலிட வந்தவர் குளிக்கிறார். குளிக்க வந்தவர் அணிலைக் கண்டு வியந்து நிற்கிறார். ஆதலால் ஆளை வகைப்படுத்தி விதி வகுப்பதைக் காட்டிலும் செயலை வகைப்படுத்தி விதி வகுப்பதே நடைமுறைக்குப் பொருந்துவதாகும்.

சட்டம் கூறுவதும் கூறாததும்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைவோரை வரையறுக்கின்றது. பணியிலுள்ள அரசு ஊழியர், அனுமதிச்சீட்டு பெற்றவர், உள்ளே அசையாச் சொத்துரிமை உடையவர், பொதுச்சாலை வழியாகக் கடப்பவர், இவர்களைச் சார்ந்து வாழ்வோர் ஆகியோர் நுழையலாம். 28ஆம் பிரிவு அனுமதிச்சீட்டு வழங்குதற்குரிய நோக்கங்களைப் பட்டியலிடுகின்றது: வன உயிரின ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வாழ்வோருடன் சட்டப்படியான அலுவல். வழிபாடு இப்பட்டியலில் தனி நோக்கமாகக் குறிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. நம் சரணாலயங்களுள் பலவற்றுக்குப் பெருந்திரளாக வருவோர் வழிபாட்டாளராயிருக்க, சட்டத்தின் சொற்பட்டியலில் அவர்க்கெனத் தனியிடம் இல்லை.

உள்ளே செய்யலாகாதவற்றைச் சட்டம் தெளிவாகவே கூறுகின்றது. விலங்குகளைச் சீண்டுதலும் குப்பை இடுதலும் 27ஆம் பிரிவால் தடுக்கப்பட்டுள்ளன. சரணாலயத்துக்கு ஆபத்து விளையும் வகையில் தீ மூட்டுதலை 30ஆம் பிரிவும், முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைதலை 31ஆம் பிரிவும், வன உயிரினங்களுக்குத் தீங்கு விளைக்கும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்துதலை 32ஆம் பிரிவும் தடை செய்கின்றன. ஆனால் ‘சுற்றுலா’ என்னும் ஒரு சொல்லுக்குள் நீராடல், நடைப்பயணம், பறவை நோக்கல், கூட்டாஞ்சோறு ஆக்குதல் ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. இவற்றின் விளைவுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை.

புலிகள் காப்பகங்களில் சுற்றுலாவின் எல்லை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் உள்மண்டலச் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்ததும் தடை விலக்கப்பட்டது. உள்மண்டலத்தில் 20 விழுக்காட்டுக்கு மிகாத பரப்பையே சுற்றுலாவுக்குப் பயன்படுத்தலாம். அங்குப் புதிய சுற்றுலாக் கட்டுமானம் கூடாது. ஒவ்வொரு காப்பகமும் தன் தாங்குதிறனைக் கணக்கிட வேண்டும் என்பன அந்நெறிமுறைகளின் சாரமாகும்.

ஊர்தியில் அமர்ந்து விலங்கு காணும் வட, நடு இந்தியக் காப்பகங்களுக்கு இவ்வளவுகோல் பொருந்துவது. சமவெளிக் காட்டில் சாலைகளின் நீளமும் ஊர்திகளின் எண்ணிக்கையுமே இடையூற்றின் அளவைப் பெரிதும் முடிவு செய்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்தின் நிலை வேறு. இங்கு வருகையாளர் பயன்படுத்தும் பரப்பு 20 விழுக்காட்டை எட்டுவதற்கு வெகு தொலைவில் இருக்கும்போதே, அணிலின் வாழிடமான ஓடைக்கரை முழுவதும் மனிதரால் நிரம்பிவிடக்கூடும். விதி மீறப்படாமலேயே அதன் நோக்கம் தோற்றுப்போகும்.

ஒத்திசைவு என்னும் அளவுகோல்

அமெரிக்காவில் 1903இல் புளோரிடா மாநிலத்தின் பெலிகன் தீவு பறவைகளுக்கெனக் காக்கப்பட்டதிலிருந்து தொடங்குவது அந்நாட்டின் தேசிய வன உயிரினப் புகலிட அமைப்பு. 1997இல் இயற்றப்பட்ட அதன் மேம்பாட்டுச் சட்டம், புகலிடத்தில் மக்கள் மேற்கொள்ளும் ஒவ்வொரு பயன்பாடும் அப்புகலிடம் நிறுவப்பட்ட நோக்கத்துக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு விளைக்காதது என்று எழுத்துவழி முடிவு செய்யப்பட்ட பின்னரே அனுமதிக்கப்பட வேண்டும் என்கின்றது. பொதுமக்கள் கருத்துரைக்க வாய்ப்பளித்த பின்னரே அம்முடிவு இறுதியாகும். குறித்த கால இடைவெளியில் மறு ஆய்வுக்கும் உட்படும். வேட்டை, மீன்பிடித்தல், வன உயிரின நோக்கல், ஒளிப்படம், சுற்றுச்சூழல் கல்வி, இயற்கை விளக்கம் ஆகிய ஆறும் அச்சட்டத்தில் முன்னுரிமை பெற்ற பயன்பாடுகளாகும்.

இப்பட்டியலை அப்படியே இங்குக் கொணர இயலாது. வேட்டை நம் சட்டத்தால் விலக்கப்பட்டது. அதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. அப்பட்டியலில் நீராடலும் வழிபாடும் இடம்பெறவில்லை. அதை அளவுகோலாகக் கொண்டால் இருநோக்கியும் நிழற்படக் கருவியும் உடையவர்க்கு வாயில் திறக்கும். துண்டும் சோற்றுப் பொட்டலமும் கொண்டு வருபவர்க்கு அடைக்கும். கட்டணம் செலுத்தும் சிலருக்குக் காடு உரியது, அடிவாரத்தில் வாழும் பலருக்கு உரியதன்று என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றினால், காப்பகம் தன் வலிமையான காவலரை இழக்கும்.

எனவே நாம் கொள்ளத்தக்கது அச்சட்டத்தின் பட்டியலைக் காட்டிலும் அதன் வினாவேயாகும். ‘இச்செயல், இவ்விடத்தில், இப்பொழுதில், எதற்கு இடையூறு?’ என்னும் வினாவை ஒவ்வொரு செயலின் முன்னும் வைத்து, விடையை எழுதி, ஊரறிய வெளியிடுவதே ஒத்திசைவுத் தேர்வின் சாரமாகும். செயலையும் நிலத்தையும் பொழுதையும் இணைத்து நோக்கும் முறை தமிழ் மரபுக்குப் புதியதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அந்நிலத்து உயிர்களைக் கருப்பொருளாகவும், அவற்றோடு இயைந்த மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் கொண்ட திணைக் கோட்பாடு இலக்கியத்துக்கு உரியதே ஆயினும், ஓர் ஒழுக்கம் எங்கு எப்பொழுது பொருந்தும் என வினவும் பழக்கத்தை நமக்கு அளித்துள்ளது.

செயல்பாடுகளின் மதிப்பீடு

அ. புனலாட்டு

பரிபாடல் வையைப் புனலாட்டை விரிவாகப் பாடுகின்றது. அவ்வையையின் தலைநீர் பிறக்கும் வருசநாட்டு மலைப்பகுதி இன்று இதே புலிகள் காப்பகத்துள் அடங்கியுள்ளது. பரிபாடல் திரட்டிலுள்ள வையைப் பாடலொன்று, நீராடுவோர் தூவிய நறுமணப் பொருள்களாலும் தேனாலும் நீர் தன்னியல்பு கெட்டதால் அந்தணர் அதில் தோயாமலும் வாய்பூசாமலும் விலகினர் எனக் கூறுகின்றது. பலர் கூடி ஆடும் நீர் பிறருக்குப் பயன்படாமற் போகலாம் என்பதை அக்காலத்தவரும் உணர்ந்திருந்தனர்.

இன்று ஓடையிற் கலப்பன வழலைக் கட்டியும் தலைமுடிக் கழுவியும் எண்ணெயுமாகும். பாறைக் குட்டையில் வாழும் மீனும் தவளையும் நீர்ப்பூச்சியும் இவற்றால் நேரடியாகப் பாதிக்கப்படுகின்றன. அய்யனார் கோயில் மலையிலிருந்து வரும் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக இராஜபாளைய மக்களின் குடிநீருக்கும் பயன்படுகின்றது. நீர்காத்த அய்யனார் என்னும் பெயர் இவ்விடத்தில் பொருள் பொதிந்தது. வழலையின்றி நீரில் ஆடுதல் நீர்வரத்துள்ள காலத்தில் ஒத்திசைவான செயல்; வேதிப்பொருளுடன் குளித்தல் எக்காலத்தும் ஒவ்வாத செயல். ஓடை குட்டைகளாகச் சுருங்கிய காலத்தில் எவ்வகை நீராடலும் ஒத்திசையாது. இவ்வேறுபாடு அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டால், ‘தடை’ என்னும் ஒற்றைச் சொல்லைவிட மக்கள் அதனை எளிதில் ஏற்பர்.

ஆ. உணவளித்தல்

பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்துக்கு வழிபடச் சென்ற மதுரை மக்களின் செயல்களை வரிசைப்படுத்துகின்றது. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்போரும் கருமுக மந்திகளுக்குக் கரும்பு அளிப்போரும் அதில் இடம்பெறுகின்றனர். மலைக்கோயிலில் விலங்குக்கு உணவிடுதல் தமிழ்ச் சமூகத்தில் அத்துணைப் பழமையானது. அன்பின் வெளிப்பாடாகவே அது மேற்கொள்ளப்பட்டு வந்துள்ளது.

ஆயினும் இன்றைய சூழலில் அதன் விளைவு அன்பின் நோக்கத்துக்கு மாறானது. உணவு கிடைக்கும் இடத்தில் குரங்குகள் கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. காட்டில் இரைதேடும் பழக்கம் குறைகின்றது. சாலையோரம் காத்திருந்து ஊர்திகளில் அடிபடுகின்றன. உணவுப் பொதியைப் பறிக்க மனிதரைக் கடிக்கின்றன. பொதியுடன் நெகிழியும் வயிற்றுக்குள் செல்கின்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் தின்பண்ட உறைகள் மலையேறி வருகின்றன. ஆகவே உணவளித்தல் எவ்விடத்தும் எப்பொழுதும் ஒத்திசையாத செயலாகும். இதனை மக்களிடம் எடுத்துரைக்கும்போது மரபைப் பழித்தல் கூடாது; விலங்கின்பாற் கொண்ட அதே அன்பின் பெயரால் எடுத்துரைப்பதே பயன் தரும்.

இ. வழிபாடும் சமைத்தலும்

அடிவாரக் கோயில்களில் பொங்கலிடுதலும் நேர்த்திக்கடனாகக் கிடா வெட்டி விருந்திடுதலும் வழிபாட்டின் பகுதிகள். இதில் இடையூறாவன வழிபாட்டைச் சூழ்ந்த மூன்று செயல்கள்: அடுப்புக்காகக் கிளை முறித்தல், அடுப்பை அணைக்காமல் செல்லுதல், ஒலிபெருக்கி. கிளை முறித்தல் அணிலின் கவிகைப் பாதையை அறுக்கின்றது. கோயில் எல்லைக்குள் நிலையான அடுப்புமேடை அமைத்து, விறகையோ எரிவாயுவையோ ஊரிலிருந்தே கொண்டுவரச் செய்தால் வழிபாடு குன்றாமல் இடையூறு குறையும். கோயில்களை நிருவகிப்போரும் வனத்துறையும் ஒருங்கிருந்து முடிவு செய்ய வேண்டியது இது.

சதுரகிரியின் சிக்கல் அளவில் பெரியது. 2015 மே மாதத்தில் திடீர் மழையால் மலையோடைகளில் பெருகிய வெள்ளம் வழிபட வந்தோர் சிலரின் உயிரைக் கவர்ந்தது. மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர்க்குத் தெரிவதில்லை. மாங்கனி ஓடை போன்ற ஓடைகளைக் கடப்பவர்க்கு எச்சரிக்கைக்கான நேரமும் மிகக் குறைவு. இங்கு நாளும் நேரமும் வரையறுத்து அனுமதிப்பது விலங்கு நலம் கருதியது மட்டுமன்று. மனித உயிரைக் கருதியதுமாகும்.

ஈ. மலையேற்றம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதே ஆண்டில் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன. காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவும். மனிதர் அதனினும் விரைந்து ஏற இயலாது. எனவே தீப்பருவத்தில் மலையேற்றம் எத்துணை நெறியுடன் நடத்தப்பட்டாலும் ஒத்திசையாதது. ஏனைய காலத்தில், சிறு குழுவாக, குறித்த தடத்தில், வழிகாட்டியுடன் நடப்பது ஓடைக்கரைக் கூட்டத்தைவிடக் குறைந்த இடையூறு உடையது.

உ. நோக்கலும் கற்றலும்

அமைதியாக நின்று பார்த்தல், பறவை ஒலி கேட்டல், ஒளிப்படம் எடுத்தல் ஆகியன மிகக் குறைந்த இடையூறு உடையனவாகத் தோன்றினும் வரம்பற்றவை அல்ல. கூட்டின் அருகே நெடுநேரம் காத்திருத்தல், பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைத்தல், டிரோன் பறக்கவிடுதல் ஆகியன இனப்பெருக்கத்தைக் குலைக்கும். நோக்குவோர்க்கும் விதி உண்டு என்பது வெளிப்பட்டால்தான் நீராடுவோர்க்கு வகுக்கும் விதி நேர்மையானதாக ஏற்கப்படும்.

பொழுது அட்டவணை

மேற்கண்ட மதிப்பீட்டைப் பெரும்பொழுது, சிறுபொழுது என்னும் பகுப்பில் தொகுத்தால் வருகையாளர் எளிதில் நினைவிற்கொள்ளத்தக்க அட்டவணை ஒன்று கிடைக்கின்றது.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): வடகிழக்குப் பருவமழைக்காலம். ஓடை கடத்தலும் அருவிக்கு ஏறுதலும் தவிர்க்கத்தக்கன. அடிவாரத்தில் இயற்கை விளக்க நிகழ்ச்சிகள் ஏற்றவை.

முன்பனி (மார்கழி, தை): காடு பசுமையாகவும் ஓடை நீர் நிறைந்தும் தீயின் அச்சம் குறைந்தும் இருக்கும் காலம். மலையேற்றம், நீராடல், பறவை நோக்கல் அனைத்துக்கும் தகுந்தது.

பின்பனியும் இளவேனிலும் (மாசி முதல் வைகாசி வரை): தீப்பருவம். மலையேற்றமும் திறந்தவெளி அடுப்பும் கூடா. குட்டைகளாகச் சுருங்கிய நீர் விலங்குகளுக்கு உரியது. கோடை இடிமழை பெய்யும் நாள்களில் திடீர் வெள்ளத்தின் அச்சமும் உண்டு.

முதுவேனிலும் காரும் (ஆனி முதல் புரட்டாசி வரை): உச்சியில் பெய்யும் தென்மேற்கு மழையால் அடிவாரம் வறண்டிருக்கும்போதே ஓடைகள் பெருகலாம். ஆடி அமாவாசைத் திரள் இக்காலத்தில் வருவதால் ஓடைக் கடப்புகளில் கூடுதல் காவல் தேவை.

நாளின் பகுதிகளைக் கருதினால், அணில் இரைதேடும் காலைப்பொழுது அமைதியாக நோக்குவதற்கும், அது ஓய்வெடுக்கும் நண்பகல் நீராடலுக்கும் உரியன. எற்பாடு தொடங்கும்போது ஓடைக்கரையை விட்டு நீங்குதல் வேண்டும். மாலையும் யாமமும் வைகறையும் நீர் அருந்த வரும் விலங்குகளுக்கே உரிய பொழுதுகள்.

நடைமுறைப்படுத்துவோர்

விதியை வகுப்பது எளிது. ஓடைக்கரையில் நின்று அதை நடைமுறைப்படுத்துவது அரிது. இதற்குரியோர் இம்மலையிலேயே உள்ளனர். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறை ஆகிய பகுதிகளில் வாழும் பளியர், தேன் எடுத்தல் முதலிய தொழில்களால் காட்டை அடியடியாக அறிந்தவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தகைய சமூகங்களின் உரிமைகளை ஏற்கின்றது.

அண்டையிலுள்ள பெரியாறு புலிகள் காப்பகம் இதற்கு நல்ல முன்மாதிரி. 1990களின் பிற்பகுதியில் அங்குத் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பு காட்டில் சட்டத்துக்குப் புறம்பாகப் பட்டை உரித்தோர் ஒரு குழுவாக ஒன்றுசேர்ந்து வருகையாளரின் வழிகாட்டிகளாயினர். காட்டின் மறைவழிகளை அவர்கள் அறிந்திருந்ததே காவலுக்கும் வழிகாட்டலுக்கும் முதலாயிற்று. சபரிமலைக்குச் செல்வோரின் பாதையிலும் உள்ளூர் மக்களின் குழுக்கள் கடை நடத்தி வருவாய் ஈட்டுகின்றன. வழிபாட்டாளரையும் மலையேறுவோரையும் ஒருங்கே ஏற்கும் ஓர் அமைப்பு இயலக்கூடியது என்பதற்கு இது சான்றாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்தில் மலையேற்றத்துக்கு மட்டும் வழிகாட்டி அமர்த்துவது போதாது. நெரிசல் மிகுந்த ஓடைக்கரைகளுக்கும் பளியர் உள்ளிட்ட உள்ளூர் மக்களிலிருந்து ஓடைக் காவலர் தேவை. தண்டம் விதிப்பதை முதற்பணியாகக் கொள்ளாமல், கவிகையிலுள்ள அணிற்கூட்டைச் சுட்டிக்காட்டி விளக்குவதை முதற்பணியாகக் கொண்டவராக அவர் இருத்தல் வேண்டும். தலைக்குமேல் ஒரு கூடு இருப்பதைக் கண்டவர் அக்கிளையை முறிக்கத் தயங்குவார்.

கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. எந்த ஓடைக்கரையில் எந்நாளில் எத்தனை பேர் வருகின்றனர், என்ன செய்கின்றனர், அணிற்கூடுகள் எங்குள்ளன என்பவற்றை ஆண்டுதோறும் ஒரே முறையில் பதிவு செய்வது, அனுமதி பெற்ற மாணவர் குழுக்களால் இயல்வதே. அத்தகைய தொடர்பதிவு இன்றி ஒத்திசைவுத் தேர்வு வெறும் கருத்தாகவே நின்றுவிடும். செயல்வகைகளுக்கு ஊரார் வழங்கும் சொற்களையும் கோயில் வழக்காறுகளையும் தொகுப்பது தமிழாய்வாளர்க்கு உரிய பணி. மக்கள் புரிந்துகொள்ளும் மொழியில் விதியை எழுத அத்தொகுப்பே உதவும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. மழைமறைவுச் சரிவாகிய ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் மலையடிவாரத்தில் வன உயிரினமும் வருகையாளரும் ஒரே ஓடைக்கரையை நாடுவதால், பரப்பளவை மட்டும் கொண்ட கட்டுப்பாடு அங்குப் பயன் தராது.

2. சட்டம் ‘சுற்றுலா’ என ஒரு சொல்லால் குறிக்கும் செயல்பாடுகள் விளைவால் வேறுபட்டவை. ஒவ்வொன்றும் இடம், பொழுது, விளைவு கொண்டு தனித்தனியே மதிப்பிடப்பட்டு, மதிப்பீடு பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும்.

3. நீராடலும் வழிபாடும் அடிவார மக்களுக்கும் மலைக்கும் உள்ள உறவின் வடிவங்கள். அவற்றை ஒத்திசைவான வடிவில் தொடரச் செய்வதே காப்பகத்துக்கு நீண்டகால நன்மை பயக்கும்.

4. மரபு எனப்படும் அனைத்தும் ஒத்திசைவானவை அல்ல. புனலாட்டு காலம் அறிந்து தொடரத்தக்கது; விலங்குக்கு உணவிடுதல் கைவிடத்தக்கது.

5. நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் பளியர் உள்ளிட்ட உள்ளூர் மக்களுக்கும், தொடர்பதிவில் கல்லூரிகளுக்கும் உரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.

செட்டியார்பட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுடன் ஓடைக்குப் புறப்படும் ஒரு குடும்பம் அங்கு நீரையும் நிழலையும் பெற்று, தலைக்குமேல் தாவிச் செல்லும் அணிலையும் கண்டு, எதையும் விட்டுவராமல் பொழுது சாயுமுன் திரும்ப இயலுமாயின், அதுவே சரணாலயத்தின் நோக்கமும் ஊராரின் உரிமையும் ஒருங்கே நிறைவேறும் நிலையாகும்.